உனக்குக் கெரில்லா, எனக்கு எஃப்.ஐ.ஆர்.

'கலைக்கு எதுக்குய்யா பர்மிஷன்? கேமராவத் தூக்கு, தெருவுல எறங்கு, எடு' என்று மேடைக்கு மேடை முழங்குகிற தோழர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேமராவுக்கு முன்னால் நிற்கிற பையன் கையில் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று வையுங்கள். மரக்கட்டையில் செதுக்கிக் கறுப்பு பெயிண்ட் அடித்த துப்பாக்கிதான். அந்தத் தெரு எந்தத் தெரு, அந்தப் பையன் எந்தத் தெருப் பையன் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

குறும்படம் எடுக்கிற நம் பிள்ளைகள் இன்றைக்கு ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கையில் செல்போன், பத்தாயிரமோ இருபதாயிரமோ பணம், சனி ஞாயிறு ரெண்டு நாள். அவ்வளவுதான் முதல். அவர்கள் சொல்கிற கதையில் போலீஸ் வருகிறது. ஆண்டை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஒத்தக்குழல் துப்பாக்கி வருகிறது. வராமல் எப்படி இருக்கும்? அவர்களுடைய தாத்தா காலத்துக் கதையிலும் அது வந்தது, அப்பன் காலத்துக் கதையிலும் வந்தது. ஆகவே படத்திலும் துப்பாக்கி வரட்டும். நான் சொல்வது ஒன்றே ஒன்று. அந்தத் துப்பாக்கி எந்த வகையிலும் சுட முடியாத துப்பாக்கியாக இருக்க வேண்டும். அதைப் பற்றி முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, முத்திரை வாங்கிய தாள் நம் பையில் இருக்க வேண்டும். இதைக் கோழைத்தனம் என்கிறார்கள், சமரசம் என்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அனுமதி வாங்காமல் தெருவில் புகுந்து படமெடுப்பதற்கு 'கெரில்லா' என்று ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. மாட்டிக்கொண்டால் ஒரு போன் போதும் என்கிற வீட்டிலிருந்து வருகிறவருக்கு அது சாகசம். பெரியப்பா வக்கீல், சித்தப்பா டி.எஸ்.பி.க்கு நண்பர். ஸ்டேஷனில் காப்பி கொடுத்து அனுப்புவார்கள். பிறகு அதையே பேட்டியில் சொல்லிச் சிரிக்கலாம். நம்ம பையனுக்கு அந்தப் போன் கெடயாது. அவன் மேல் ஒரு வழக்கு விழுந்தால் காவல் துறை சரிபார்ப்பு கேட்கிற எந்த வேலைக்கும் அவன் மனுப் போட முடியாமல் நிற்பான். வாய்தா வாய்தாவாக அலைவான். அவன் அம்மா கம்மலை அடகு வைப்பாள். ஒரே செயல், ஒரே மரக்கட்டை. உனக்குக் கெரில்லா, எனக்கு எஃப்.ஐ.ஆர்.

துப்பாக்கிக்கு இந்த நாட்டில் சாதி உண்டு. இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. வைஸ்ராய் லிட்டன் காலத்தில், 1878இல், வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு வேண்டாம் என்றான். தேசியவாதிகள் இதை இன அவமானம் என்று எழுதினார்கள், சரிதான். ஆனால் அந்த லைசென்ஸ் எந்த இந்தியர்களின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அவர்கள் எழுதவில்லை. ஜமீன்தார், மிராசுதார், சர்க்காருக்கு விசுவாசமான பெரிய மனுஷன் என்று நிலம் இருந்த கைக்குத்தான் அது போனது. நிலம் சாதியின் கையில் இருந்தது.

சுதந்திர இந்தியா 1959இல் போட்ட ஆயுதச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் 14ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. ஒருவருக்குப் போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்கிறது. ஏன் இப்படி ஒரு வரியைப் போட வேண்டி வந்தது? சொத்து இருப்பவனுக்குத்தான் துப்பாக்கி என்பது அதுவரை நடைமுறையாக இருந்ததால்தான். இன்னொரு சான்று சொல்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் எழுதினார்கள். அதன் 3ஆம் விதியை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் காணப்பட்ட இடங்களில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத லைசென்ஸை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அது. தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத லைசென்ஸ் வழங்கலாம் என்றும் சொல்கிறது. ஊர்த்தெருவில் துப்பாக்கி இருக்கிறது, சேரியில் இல்லை, அந்த ஏற்றத்தாழ்வில்தான் கொலை நடக்கிறது என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிற வாக்குமூலம் இது.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணிக்கு வந்தவர்கள் துப்பாக்கிகளோடு வந்தார்கள். எதிர்த்து நின்றவர்கள் கையில் கல்தான் இருந்தது. 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். 1997 டிசம்பர் 1 இரவு பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் ரண்வீர் சேனா 58 பேரைக் கொன்றது. 2013 அக்டோபரில் பாட்னா உயர் நீதிமன்றம், தண்டிக்கப்பட்டிருந்த 26 பேரையும் விடுவித்தது. அரசின் துப்பாக்கி தனிக் கணக்கு. 2011 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் அது பேசியது. 2018 மே 22இல் தூத்துக்குடியில் பேசியது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு 'ஒங்க படத்துல துப்பாக்கி வேணாமே, வன்முறையா இருக்கு' என்று நமக்கு அறிவுரை சொல்கிற இலக்கியக் கனவான்கள் இருக்கிறார்கள். ஐயா, வன்முறையை நாங்க கண்டுபுடிக்கல. எங்க மேல நடந்ததை நாங்க காட்டுறோம். அதைக் காட்டாமல் குடிசைக்குப் பின்னால் சூரியன் மறைவதைக் காட்டினால்தான் உங்களுக்கு அழகியல் என்றால் அந்த அழகியல் உங்களிடமே இருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று இப்போது பார்ப்போம். பலரும் வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள், அல்லது அசட்டுத் தைரியம் கொடுக்கிறார்கள். 1959 சட்டத்தின்படி துப்பாக்கி என்பது வெடிமருந்தாலோ வேறு விசையாலோ குண்டு போன்ற ஒன்றை வெளியே தள்ளும்படி செய்யப்பட்ட, அல்லது அப்படி மாற்றப்பட்ட ஆயுதம். லைசென்ஸ் இல்லாமல் அதை வாங்கவோ வைத்திருக்கவோ தூக்கிக்கொண்டு போகவோ கூடாது என்பது 3ஆம் பிரிவு. 6ஆம் பிரிவு போலித் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறது. பார்வைக்குத் துப்பாக்கி மாதிரி இருக்கிற எதுவும் போலித் துப்பாக்கிதான். சுடுமா சுடாதா என்பது அங்கே கேள்வியில்லை. அந்தப் போலியை லைசென்ஸ் இல்லாமல் சுடுகிற துப்பாக்கியாக மாற்றினால் குற்றம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தச்சரிடம் சொல்லி மரத்தில் செதுக்கிய துப்பாக்கியோ, வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாப் பொருள் வாடகைக்குத் தருகிற கடையில் வாங்கும் ரப்பர் டம்மியோ இந்தச் சட்டப்படி சுடும் ஆயுதம் ஆகாது. ஆனால் அந்த டம்மிக்குள் குழாய் செருகி, மருந்து கெட்டித்து, 'ரியலா இருக்கணும் மச்சான்' என்று ஒருவன் ஆரம்பித்தால் 6ஆம் பிரிவு வாசலில் வந்து நிற்கும். 'எங்க மாமா வீட்டுல லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு, தோட்டா இல்லாம வாங்கிட்டு வர்றேன்' என்கிறவனையும் தடுக்க வேண்டும். லைசென்ஸ் மாமா பேரில் இருக்கிறது, மருமகன் பேரில் இல்லை. இரவல் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் சேர்த்தே வழக்கு வரும். குருவிக்காரர் தோளில் கிடக்கிற நாட்டுத் துப்பாக்கியை ஐநூறு ரூபாய்க்கு வாடகை பேசுகிறவர்களையும் நான் அறிவேன். நமக்குக் கீழேயும் ஒருவனைத் தேடிப்பிடித்து ஆபத்தை அவன் தலையில் கட்டுகிற வேலை அது. திருவிழாவில் பலூன் சுடுகிற ஏர்கன்னும் வேண்டாம். அதிலிருந்து வருகிற ரவை கண்ணைப் பறிக்கும்.

போலீஸ் உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அரசு ஊழியரின் உடுப்பை ஏமாற்றும் நோக்கத்தோடு அணிவது அதன் 205ஆம் பிரிவில் குற்றம். நடிப்பதற்காக அணிவதில் ஏமாற்றும் நோக்கம் இல்லை. ஆனால் ஷாட் முடிந்ததும் அதே காக்கியோடு பைக் எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனால், நோக்கம் என்னவென்று நிரூபிக்க நாம்தான் அலைய வேண்டியிருக்கும். காக்கியை எடுக்கிற இடத்திலேயே போட்டு, எடுக்கிற இடத்திலேயே கழற்றி வையுங்கள்.

எங்கள் குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வடமாவட்டம் ஒன்றில் ஏரிக்கரையில் படமெடுத்தோம். ஆறு பேர். மரத்துப்பாக்கி ஒன்று. மூன்று நாள் முன்பே எழுதிக் கொடுத்து ஸ்டேஷன் முத்திரை வாங்கியிருந்தோம். பத்து மணிக்கு ஊர்த்தெருவிலிருந்து யாரோ போன் பண்ணினார்கள், 'காலனிப் பசங்க துப்பாக்கியோட சுத்துறாங்க' என்று. ஜீப் வந்தது. வந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, 'இது என்ன துப்பாக்கி' என்பதல்ல. 'எந்தத் தெருடா நீங்க?' மரத்தைத் தட்டிப் பார்த்தார். மரம் மாதிரித்தான் சத்தம் வந்தது. அப்படியும் ஜீப்பில் ஏறச் சொன்னார். நான் தாளை நீட்டினேன். முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், அவர் ஸ்டேஷன் எழுத்தரின் கையெழுத்தைப் பார்த்தார். ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினார். 'சீக்கிரம் முடிச்சிட்டுப் போங்க' என்று சொல்லிவிட்டு ஜீப் திரும்பிவிட்டது. எங்கள் நியாயம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அவருடைய சொந்த ஆபீஸ் முத்திரை அவர் கையைக் கட்டியது, அவ்வளவுதான். அந்தத் தாள் இல்லாவிட்டால் மரம் என்று தெரிந்த பிறகும் ஆறு பேரும் இரவு வரை ஸ்டேஷன் தரையில் உட்கார்ந்திருப்போம்.

ஜீப் வந்து நின்று கேள்வி கேட்டது என்பதே நமக்குக் கிடைத்த அவகாசம். 2014 நவம்பர் 22இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்கா ஒன்றில் டமீர் ரைஸ் என்ற 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். போலீசுக்குப் போன் செய்தவர், அது பொம்மையாக இருக்கலாம், அவன் சின்னப் பையனாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்தச் செய்தி ரோந்துக் காரில் வந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்ற இரண்டு நொடிக்குள் சுட்டார்கள். மறுநாள் பையன் இறந்தான். சுட்டவர் மேல் வழக்குத் தொடர வேண்டியதில்லை என்று 2015 டிசம்பரில் முடிவானது. நிஜத் துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துச் செல்லச் சட்டம் இடம் கொடுக்கிற மாநிலம் அது. வெள்ளைக்காரன் நிஜத்தைத் தூக்கினால் உரிமை, கறுப்பன் பொம்மையைத் தூக்கினால் மரணம். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அமைப்பைத் தொடங்கியவர்கள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டது சும்மா இல்லை. பார்க்கிற கண் இரண்டு நாட்டிலும் ஒரே கண்தான்.

'அப்போ சட்டத்துக்குப் பயந்து நடக்கணும்னு சொல்றியா?' என்று கேட்பார்கள். அம்பேத்கரை மேடையில் மாலை போட்டு வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கிறார்களே என்பதுதான் எனக்கு வியப்பு. மகாத் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடும் தீர்மானத்தை நகராட்சி 1924இல் போட்டிருந்தது. அந்தத் தாளின் பலத்தில்தான் 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் மக்களோடு போய்த் தண்ணீர் குடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி போகத் திரண்டபோது சாதி இந்துக்கள் கோர்ட்டில் தடை வாங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தும் அவர் குளத்துக்குப் போவதை நிறுத்தி வைத்தார். வழக்கைப் பத்தாண்டு நடத்தி 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார். அவரைக் கோழை என்று சொல்லிப் பாருங்களேன். கலகம் எதற்கு, தாள் எதற்கு என்று பிரித்தறிகிற புத்தி நமக்கு அவரிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

இன்னொரு பேச்சு இருக்கிறது. 'நெஜத் துப்பாக்கி, நெஜச் சத்தம் இருந்தாத்தான் நடிப்பு வரும்.' இதைச் சொல்கிற டைரக்டர் எப்போதும் மானிட்டருக்குப் பின்னால்தான் இருப்பார். 1984இல் அமெரிக்க நடிகர் ஜான் எரிக் ஹெக்சம், குண்டு இல்லாத வெத்துத் தோட்டாதானே என்று துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்து விளையாட்டாக அழுத்தினார். வெடித்த காற்றின் வேகத்திலேயே மண்டையோடு உடைந்து இறந்தார். 1993 மார்ச் 31இல் பிராண்டன் லீ இறந்தார். அங்கே நிஜத் தோட்டாக்களிலிருந்து மருந்தைக் கொட்டிவிட்டு, படக்குழுவே டம்மித் தோட்டா செய்திருந்தது. அடியில் பற்றவைக்கிற மருந்து மட்டும் தங்கிவிட்டது. அது ஒரு குண்டின் முனையைத் தள்ளிக் குழலில் சிக்க வைத்தது. பிறகு போட்ட வெத்துத் தோட்டா அந்த முனையை அவர் வயிற்றுக்குள் அனுப்பியது. 2021 அக்டோபர் 21இல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் இறந்தார். துப்பாக்கிக்குள் நிஜத் தோட்டா இருந்தது. அன்று காலையில்தான் கேமராத் தொழிலாளர்கள் சிலர், பாதுகாப்பும் தங்குமிடமும் சரியில்லை என்று வேலையை விட்டு வெளியேறியிருந்தார்கள். ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024இல் 18 மாதச் சிறைத் தண்டனை. துப்பாக்கியைப் பிடித்திருந்த நடிகர் மீதான வழக்கு அதே ஆண்டு ஜூலையில் தள்ளுபடி.

ஆயுதத்துக்கென்றே தனி ஆள் வைத்திருந்த படத்தின் கதி இது. ஆறு பேர் சேர்ந்து எடுக்கிற குறும்படத்தில் வெத்துத் தோட்டாவைக் கையாள யார் இருக்கிறார்கள்? யார் சாவது? லைட் பிடிக்கிறவன், கூட்டத்தில் நிற்கிறவன், விழுந்து காட்டுகிறவன். 2020 பிப்ரவரியில் சென்னையை அடுத்த படப்பிடிப்புத் தளத்தில் 'இந்தியன் 2' கிரேன் சாய்ந்து மூன்று பேர் செத்தார்கள். மூவரும் படக்குழுவில் வேலை செய்தவர்கள். 2025 ஜூலையில் நாகை மாவட்டத்தில் 'வேட்டுவம்' படப்பிடிப்பில் கார்ச் சண்டைக் காட்சியின்போது ஒரு சண்டைக் கலைஞர் இறந்தார். அது நம் இயக்குநரின் படம் என்பதால் நாம் அதைப் பேசாமல் கடந்துபோக முடியாது. உழைக்கிறவன் உயிரைப் பற்றிப் படம் எடுக்கிற நாம், எடுக்கிற இடத்தில் அந்த உயிரைக் காக்கவில்லை என்றால் படத்தில் என்ன பேசி என்ன பயன்?

காசு இல்லாதவன் என்ன செய்வது? செய்ய முடியும். மரத்துப்பாக்கிக்கு நல்ல தச்சர் போதும். கறுப்பு பெயிண்ட் காய்ந்த பிறகு பென்சில் கரித்தூளைத் துணியால் தேய்த்தால் இரும்பு மாதிரி மின்னும். கீழே விழுகிற ஷாட்டுக்கு ரப்பர். சுடும் சத்தத்தையும் குழலிலிருந்து வருகிற நெருப்பையும் எடிட்டிங்கில் சேர்க்கலாம். அதற்கு இலவசமாகவே மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு ஃபிரேம், இரண்டு ஃபிரேம் வெளிச்சம் போதும். அதைவிடப் பலமானது, சுடுகிறவனைக் காட்டாமல் சத்தம் கேட்ட கிழவியின் முகத்தைக் காட்டுவது. 1903இல் 'தி கிரேட் டிரெயின் ராபரி'யில் கொள்ளைக்காரன் கேமராவைப் பார்த்துச் சுட்டான். 2013இல் நாக்ராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி'யில் ஜப்யா கேமராவைப் பார்த்துக் கல்லெறிந்தான். எந்த அடி நம் நெஞ்சில் பட்டது?

பிறகு தாள். படத்தின் பெயர், நாள், நேரம், இடம், வருகிறவர்கள் பெயர், 'சுட இயலாத மரத்துப்பாக்கி 1' என்ற விவரம், அதன் போட்டோ, காக்கி உடுப்பு உண்டா இல்லையா, பொறுப்பாளர் போன் நம்பர். இரண்டு பிரதி. ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்து மற்றதில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், எஸ்.பி. ஆபீசுக்கும் ஒரு பிரதி போகட்டும். இடத்துக்குச் சொந்தக்காரரிடமும், பொது இடமென்றால் பஞ்சாயத்திடமோ நகராட்சியிடமோ எழுத்தில் ஒப்புதல். சுற்றியிருக்கிற வீடுகளுக்கு, ஊர்த்தெரு உட்பட, முதல் நாளே சொல்லிவிடுங்கள். தடையுத்தரவு இருக்கிற நாட்களில், தேர்தல் காலத்தில், குருபூஜை நாட்களில் வெளியிடத்தில் துப்பாக்கியை எடுக்கவே வேண்டாம். வீட்டுக்குள் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டுங்கள். ஸ்கூட்டரில் செருகிக்கொண்டு போகக் கூடாது. அதோடு போட்டோ எடுத்து செல்போனில் ஸ்டேட்டஸ் வைக்கவே கூடாது. வழக்குப் போட அந்தப் போட்டோ ஒன்றே போதும்.

இதெல்லாம் தனித்தனியாக ஒவ்வொரு பையனும் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா? நம் அமைப்புகள் பட்டறை நடத்துகின்றன. லென்ஸ் பற்றிச் சொல்கிறார்கள், உலக சினிமா போடுகிறார்கள். ஒரு வக்கீலைக் கூட்டி வந்து ஒரு மணி நேரம் பேச வையுங்கள். நம் குறும்பட விழாக்கள் நுழைவுப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: 'இந்தப் படத்தில் வெடிக்கும் பொருள் எதுவும் பயன்படுத்தப்படவில்லை, யாருக்கும் காயமில்லை.' தயார் மனு ஒன்றை அச்சடித்து ஊர் ஊராக இலவசமாகக் கொடுங்கள். நம் வக்கீல் தோழர்கள் நாலு பேர், படப்பிடிப்பு நாளில் கூப்பிட ஒரு நம்பர் கொடுங்கள். அவன் வீட்டில் இருக்கிற அந்த 'ஒரு போன்' நம் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும். அதற்குப் பிறகு வந்து கலகம் பேசுங்கள், கேட்கிறோம்.